தட்டில் தெரிந்த பூ

ராஜாவுக்கு ஆயிரம், மந்திரிக்கு ஐந்நூறு, போலீசுக்கு நூறு, திருடனுக்குச் சுழி. ஏழாம் வகுப்பில் எனக்குத் தப்பில்லாமல் வந்த ஒரே வாய்ப்பாடு இதுதான். நாலு சீட்டை மடித்துக் குலுக்கிப் போடுவோம். ஆளுக்கொன்று எடுத்த பிறகு, போலீஸ் வந்தவர் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கைகாட்டினால் அவருடைய நூறு திருடனுக்குப் போய்விடும். கேரளத்து மலையில் சக்குபள்ளத்துக்கு மேலே, ஏலத் தோட்டத்தை ஒட்டியிருந்த எங்கள் பள்ளியில், மத்தியான இடைவேளை இந்த ஆட்டத்துக்கே போதாது. இதற்கு நடுவில் நாங்கள் ஒரு பத்திரிகையும் நடத்தினோம்.

நாங்கள் என்றால் நாலு பேர். நான், செல்வி, அவளுடைய அண்ணன் பாண்டி, காளியம்மா. பாண்டி ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் தங்கியதால் தங்கைக்கே வகுப்புத் தோழனாகிவிட்டவன். அதைப் பற்றி அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பத்திரிகையின் பெயர் 'ஏலப்பூ'. பழைய நோட்டில் கிழித்த நாலு தாளை ஒன்றாக ஒட்டி, செல்வியின் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி, வெள்ளிக்கிழமை காலையில் வராந்தாச் சுவரில் சோற்றுப்பருக்கையைத் தேய்த்து ஒட்டிவிடுவோம். ஹெட்மாஸ்டர் அனுமதி கொடுத்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் அதைப் படித்ததே இல்லை. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

இடைவேளையில் பாதி ஆட்டத்துக்கு, பாதி பத்திரிகைக்கு என்று பேசி வைத்திருந்தோம். ஒரு நாளும் நடந்ததில்லை. கடைசியில் பாண்டிதான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தான். வில்லங்கமான செய்தி வந்தால் சீட்டுப் போடுவது, திருடன் யாருக்கு விழுகிறதோ அவர் அதை எழுதிப் படமும் வரைந்து செல்வியின் பைக்குள் செருகிவிடுவது. செல்வி எழுத்தைத் தன் கையெழுத்தில் மாற்றுவாள், படத்தை அப்படியே ஒட்டுவாள். எழுதியது யாரென்று அவளுக்குத் தெரிந்தாலும் சொல்லக் கூடாது. அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் போலீஸ் யாரையும் கைகாட்டக் கூடாது. தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தோம். மலையாள டீச்சரின் மத்தியானத் தூக்கம், தண்ணீர்ப் பானையில் கிடந்த தவளை எல்லாம் இப்படி வெளிவந்தவைதாம்.

உப்புமா விவகாரமும் அப்படித்தான் வந்தது. கை குலுக்கும் படம் போட்ட அமெரிக்கச் சாக்கில் வரும் கோதுமையை வேகவைத்து, நாலாம் வகுப்பு வரையில் உள்ள பிள்ளைகளுக்கு மத்தியானம் தருவார்கள். எங்களுக்கு அந்தப் பாக்கியம் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாசனை மட்டும் விடவில்லை. காளியம்மாவின் தம்பி மூன்றாம் வகுப்பு. அவனுடைய அலுமினியத் தட்டின் நடுவில் ஒரு பூ போட்டிருக்கும். முன்பெல்லாம் ஒரு கரண்டி உப்புமா வைத்தால் பூ மறைந்துவிடும். இப்போது இரண்டு இதழ் வெளியே தெரிகிறது என்று அவன் அக்காவிடம் அழுதிருக்கிறான். நாங்கள் ஒரு வாரம் போய்ப் பார்த்தோம். தினமும் இரண்டு இதழ் தெரிந்தது.

கோதுமை எங்கே போகிறது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஹெட்மாஸ்டர் வீட்டில் ஆறு கோழிகள் இருந்தன. ஆறும் நடக்க முடியாத அளவுக்குக் கொழுத்திருந்தன. பத்திரிகைக்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சீட்டுப் போட்டோம். எனக்குத் திருடன் விழுந்தது.

உப்புமா கிண்டுவது என் சித்தி, அம்மாவின் தங்கை. சித்தப்பா மலையிறங்கிக் கம்பம் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. அந்தச் சமையல் வேலைதான் சித்திக்கு அடுப்பெரிய வைத்தது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் எழுதுவது கோழி வளர்ப்பவரைப் பற்றி, கரண்டி பிடிப்பவளைப் பற்றி இல்லை என்று உறுதியாக நம்பினேன். அவ்வளவு நம்பிக்கையோடு, சித்தி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தே படத்தையும் வரைந்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டு. ஒன்றில் பூ மறைந்திருக்கும், மற்றதில் இரண்டு இதழ் தெரியும். சித்திக்கு எழுத்து தெரியாது. எட்டிப் பார்த்துவிட்டு, பூவு அச்சு அசலா இருக்கு என்று சொல்லி, என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒட்டினோம். அன்று மத்தியானம் யாரும் எதிர்பார்க்காமல் ஜீப் வந்தது. கல்வி அதிகாரி இறங்கினார். ஹெட்மாஸ்டர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். அதிகாரி மலையாளி, தமிழ் படிக்கத் தெரியாது. வராந்தாவில் நின்று இது என்ன என்று கேட்டார். தமிழ் சார் வேர்த்த முகத்தோடு, பிள்ளைகள் இயற்கையைப் பற்றி எழுதிய கவிதை என்று மலையாளத்தில் சொன்னார். இன்று நினைத்தாலும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதிகாரியின் கண் படத்துக்குப் போய்விட்டது. முதல் தட்டைப் பார்த்தார். இரண்டாவது தட்டைப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளின் வரிசைக்குப் போய்க் குனிந்து ஒரு தட்டைப் பார்த்தார்.

எங்கள் நாலு பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். ஹெட்மாஸ்டரின் கையில் பிரம்பு இருந்தது. கையெழுத்து செல்வியுடையது என்று பள்ளிக்கே தெரியும். அவள், எழுதியது நான், செய்தி என்னுடையது இல்லை என்றாள். பின்னே யாருடையது என்றார் ஹெட்மாஸ்டர். அவள் கையை நீட்டினாள். இரண்டு அடி விழுந்தது. பாண்டிக்கும் இரண்டு விழுந்தது, அவனும் பேர் சொல்லவில்லை. என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் அந்தத் திருடன் சீட்டு இருந்தது. காளியம்மா கையை நீட்டும்போது என் தொண்டை வரை வந்துவிட்டது, நான்தான் என்று. அதற்குள் அதிகாரி கையமர்த்தி, அடிக்க வேண்டாம் என்று சொல்லி, சுவரிலிருந்து தாளை உரித்து எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"தவி எவிடே?"

கரண்டி எங்கே என்று கேட்கிறார். கோழிகளை அவர் கேட்கவில்லை. கரண்டி சித்தியின் கையில் இருந்தது.

அதிகாரி தாளைச் சித்தியின் முகத்துக்கு நேரே பிடித்தார். சித்தி படத்தைப் பார்த்தாள். பிறகு வரிசையில் நின்ற எங்களில் நேராக என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாளா, எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சித்தி சொல்லிவிடுவாள், செல்வியும் பாண்டியும் வாங்கிய அடியெல்லாம் வீண், என்று நினைத்தேன்.

வைத்தது போக மிச்சம் எங்கே போகிறது என்று அதிகாரி கேட்டார். தமிழ் சார் அந்தக் கேள்வியைச் சித்திக்கு மெதுவாகத் தமிழில் சொன்னார். அந்த நேரம் பார்த்து, அடுக்களைக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்திலிருந்து, "சித்தி" என்று ஒரு குரல் வந்தது. என் தம்பி. அவனுக்கு மூன்று வயது. அம்மா ஏலக்காய் எடுக்கப் போய்விடுவதால் தினமும் நான்தான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவேன். அவனைப் போல எட்டு ஒன்பது வாண்டுகள் அக்காமாரோடு வரும். வகுப்புக்குள் விட மாட்டார்கள் என்பதால் எல்லாம் சித்தியின் பார்வையில் அடுக்களைக்குப் பின்னால் கிடக்கும். பெரிய ஆட்கள் யாராவது வந்தால் மட்டும் சத்தம் காட்டக் கூடாது.

சித்தி கரண்டியை அண்டாவின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள். என் மேலுள்ள கோபம் என்று நினைத்தேன்.

"எங்கயும் போகல சார். எங் கைதான் சுருங்கிப் போச்சு. இனிமே நெறைய வச்சிர்றேன்" என்றாள்.

சுருங்கிய கை எதை எடுத்தது என்று அங்கே நின்றவர்கள் அவரவரே முடிவு செய்துகொண்டார்கள். ஹெட்மாஸ்டர் பெருமூச்சு விட்டார். அதிகாரி எழுதிக்கொண்டார். இந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் மலையேறி வர மாட்டார்கள் என்பதால் வேலை போகவில்லை. பட்டியலில் பேர் உள்ள பிள்ளைக்குக் கரண்டி நிறைய வைக்க வேண்டும், ஹெட்மாஸ்டர் தினமும் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவானது. போகும்போது அதிகாரி செல்வியின் தோளில் தட்டி, நல்ல பத்திரிகை, நிறுத்தாதீர்கள் என்றார். அன்று சாயங்காலமே தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் சித்திக்கு உப்புமாக் கள்ளி என்று பேர் வந்துவிட்டது.

இதழ் தெரியும்படி குறைத்த அந்த மிச்சம் யாருக்குப் போனது என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, எனக்குக் கல்யாணமாகி என் மகன் சோறு உண்ண ஆரம்பித்த பிறகு. பேர் உள்ள ஒவ்வொரு தட்டிலும் சித்தி கொஞ்சம் குறைத்து, பட்டியலில் பேரில்லாத அந்த வாண்டுகளுக்குப் பின்வாசலில் வைத்திருக்கிறாள். இது அம்மாமார் எல்லாருக்கும் தெரியும். உள்ளதைச் சொல்லியிருந்தால் வாண்டுகளைப் பள்ளிப் பக்கமே விடக்கூடாது என்றிருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள அக்காமார் படிப்பை விட்டிருக்க வேண்டும், முதல் ஆளாக நான். கள்ளி என்று கூப்பிட்டவர்களில் அந்த அம்மாமாரும் உண்டு என்று சொல்லும்போது அம்மா அழுதாள். தம்பியின் சட்டையில் ஒட்டியிருந்த கோதுமையைத் தினமும் சாயங்காலம் தட்டிவிட்டவள் நான். ஒரு வாரம் தட்டுகளை எண்ணிய பத்திரிகைக்காரியின் கண்ணுக்கு அது படவில்லை. தம்பியைச் சித்தி பாத்துக்குவா என்று அம்மா சொன்னதன் அர்த்தமும் புரியவில்லை.

ஜீப் வந்து போன பிறகு வந்த திங்கட்கிழமை மத்தியானம் நாங்கள் கொண்டாட்டத்தில் இருந்தோம். 'பூ மறைந்தது' என்று அடுத்த இதழுக்குத் தலைப்புகூட வைத்தாயிற்று. என் தூக்குவாளியை அவசரமாக வழித்துத் தின்றுவிட்டு ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன். தம்பி பின்பக்கத்திலிருந்து வந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்து அழுதான். என்னடா என்றால் சொல்லத் தெரியவில்லை. போ போ என்றேன். அவன் இழுத்த இழுப்பில் சீட்டெல்லாம் கலைந்து போனது. அந்த முறை எனக்கு ராஜா விழுந்திருந்தது. ஆத்திரம் தாங்காமல் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

சித்தி வந்து அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் கை வெறுமையாக இருந்தது. ஹெட்மாஸ்டர் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏஞ்சித்தி அளுகுறான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல ஆத்தா. நீ வெளையாடு" என்றாள்.

நான் சீட்டுகளைப் பொறுக்கி மறுபடியும் குலுக்கிப் போட்டேன்.