டைகர் திரும்பி வந்த வழி

பேத்தமங்களா ஏரியில் என் மகள் கல் வீசுகிறாள். 'தொபுக்'கென்ற சத்தம் கேட்டதும் எனக்கு டைகர் ஞாபகம் வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்துதான் கேஜிஎஃப் தங்கவயலுக்குக் குழாய் போட்டார்கள். நாங்கள் குடித்து வளர்ந்ததும் இந்தத் தண்ணீர்தான். அப்பா சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார். எங்கள் நாய் டைகர் குரைத்துத் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரி பார்க்கலாம் என்று எங்களை அழைத்துவந்து, கரையில் அதைக் கட்டிப்போட்டுவிட்டு, என்னை மட்டும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

நான்காம் நாள், கழுத்தில் அறுந்த கயிறோடு டைகர், ஸ்கெலட்டன் என்கிற எங்கள் சுரங்கக் குடியிருப்பில், எங்கள் வாசலில் நின்றது. குழாயோரமாகவே நடந்து வந்திருக்க வேண்டும்.

"இன்னா பாக்குற? கல்லெடுத்து அடி. இல்லன்னா உன்னையும் அங்கயே உட்டுட்டு வந்துடுவேன்" என்றார் அப்பா.

அடித்தேன். படவில்லை. எறிந்த கல்லைக் கவ்விவர அதைப் பழக்கியவளே நான்தான். டைகர் ஓடிப்போய்க் கவ்வி வந்து, என் காலடியில் வைத்து வாலாட்டியது. அப்பா சிரித்தார். எச்சில் ஈரத்தோடு அதே கல்லை எடுத்தேன். இந்த முறை குறி தப்பவில்லை.

"அம்மா, நீயும் ஒண்ணு போடும்மா."

மகள் என் கையில் ஒரு கல்லை வைக்கிறாள். ஈரமாக இருக்கிறது.