பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு வெள்ளைச் சேலை

மார்கழியில் கல்யாணம் வைப்பது யாழ்ப்பாணத்தில் எங்கள் வேதக்கார ஆட்கள் மட்டும்தான். சைவக்காரர் தை பிறக்கட்டும் என்று அடங்கியிருக்க, நாங்கள் கிறிஸ்து பிறந்த நத்தாரோடு நத்தாராக, கொட்டும் மழைக்குள் பெண்ணுக்கு வெள்ளைச் சேலை உடுத்திக் கூட்டிக்கொண்டு போவோம். என் தங்கையின் மகளுக்கும் அப்படித்தான் நாள் குறித்தார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை. நீர்வேலியில் எங்கள் வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, கொழும்புத்துறைத் தேவாலயத்துக்கு என் காரில் போவதென்று முடிவு. ஏசி போட்ட புதுக் காரொன்றைப் பிடித்திருக்கலாம். "மாமாடை பழசுக்குத்தான் ஒரு எடுப்பு இருக்கு" என்றாள் மணப்பெண். காரைத்தான் சொன்னாள். நான் கொஞ்ச நேரம் என்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தற்செயலாகப் பின்சீட்டில் கை வைத்தேன். தோய்த்துப் பிழியாத துணிபோல் இருந்தது. பின் கண்ணாடியைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர், ஒரு மூலையில் தகரத்தை விட்டுக் கழன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்குள்ளால் வந்தது வெறும் தண்ணீர் என்றாலும் பரவாயில்லை. துருவோடு கலந்து தேத்தண்ணீர் நிறத்தில் சொட்டியது. சொட்டும் இடம், மணப்பெண் முதுகு சாய்க்கும் இடம்.

நான் பதறவில்லை. நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஆட்கள். சண்டைக் காலத்தில் எது பழுதானாலும் எங்களிடம் இருந்த மருந்து ஒன்றுதான்: பழைய சைக்கிள் டியூப். இப்போது சந்திக் கடையிலேயே எல்லாச் சாமானும் கிடைக்கிறது. ஆனால் கை பழகியதைத்தானே செய்யும். டியூபை நாடாவாக வெட்டி, மடித்து, இடைவெளிக்குள் திணித்து, டியூப் ஒட்டும் சொலூசன் பூசி, நாலடி தள்ளி நின்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"சோதிச்சுப் பாக்காமல் நான் நம்பமாட்டன்" என்றாள் மனைவி.

சோதனையும் அவள் கண்டுபிடித்ததுதான். என்னை மணப்பெண்ணின் இடத்தில் இருத்தி, கழுத்திலிருந்து கால்வரை வெள்ளைப் படுக்கைவிரிப்பால் போர்த்திவிட்டு, வெளியே நின்று வாளி வாளியாக ஊற்றினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வாழைத்தோட்டத்து அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், உங்கடை ஆக்கள் இப்ப ஞானஸ்நானம் காருக்குள்ளை வைச்சோ குடுக்கிறவை?"

"பகிடியை விடுங்கோ அண்ணை. ஒழுகுதோ எண்டு பாக்கிறம்."

"இறங்கித் திரும்புங்கோ பாப்பம்" என்றாள் மனைவி.

திரும்பினேன். விரிப்பின் முதுகில் தேத்தண்ணீர்க் கறை யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி முழுவதையும் வரைந்திருந்தது. நெடுந்தீவுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

அண்ணை படலையைத் திறந்துகொண்டு வந்தார். முன்பு வாழைக்குலை ஏற்றும் லொறி வைத்திருந்தவர். கண்ணாடி வேலை தெரியும். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், நீங்கள் ஓட்டையை அடைக்கேல்லை. தண்ணிக்கு வாய்க்கால் வெட்டி விட்டிருக்கிறியள்."

உண்மைதான். நான் திணித்த டியூப் ரப்பரை இன்னும் அகலத் திறந்து, மழையை உள்ளே வழிகாட்டிக் கூட்டிவந்திருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்தோம். உள்ளே வருசக்கணக்கான மண்ணும் வேப்பஞ் சருகும். துடைத்துக் காயவிட்டு, ரப்பரின் உள்விளிம்புக்குள் ஒரு நைலோன் கயிற்றைச் செருகி, சவர்க்காரத் தண்ணீர் பூசினோம். அண்ணை வெளியே நின்று கண்ணாடியை இரண்டு கையாலும் அமத்த, நான் உள்ளே இருந்து கயிற்றை இழுக்க வேண்டும். கயிறு வர வர, ரப்பர் விளிம்பு தகரத்துக்கு மேலால் ஏறி உட்காருமாம்.

"கண்ணாடி உடைஞ்சால் அண்ணை?"

"உடைஞ்சால் பிள்ளை ஓட்டோவிலைதான். மெல்ல இழுங்கோ, இது தேர்வடம் இல்லை."

இழுத்தேன். பாதி வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு, மடியில் கண்ணாடி கொட்டட்டும் என்று காத்திருந்தேன். ஒன்றும் கொட்டவில்லை.

"கண்ணைத் திறவுங்கோ மாஸ்டர். ரப்பர் குந்தியிட்டுது."

அடுத்த நாள் வெளிவிளிம்புக்குக் கீழே கண்ணாடிக்குப் பூசும் கறுப்புப் பசையைப் பூசி, ஒரு நாள் தார்ப்பாயால் மூடிவைத்துவிட்டு, மறுபடியும் விரிப்போடு ஏறி இருந்தேன். ஆறு வாளி. ஒரு பொட்டும் இல்லை. ஏழாவது வாளியை மனைவி பக்கத்து யன்னலால் என் முகத்தில் ஊற்றினாள். அது சோதனை இல்லை என்று நினைக்கிறேன்.

ஆனாலும் வாளி வேறு, மார்கழி மழை வேறு. கல்யாணத்தன்று வழியில் இருபாலை தாண்ட வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. முன்னால் பார்க்கவேண்டிய நான், தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பெண்ணின் தோளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"என்ன மாமா, என்னையே பாக்கிறியள்?"

ஒழுகுதோ எண்டு பாக்கிறன் என்று மணப்பெண்ணிடம் சொல்லலாமோ. "வடிவாயிருக்கிறாய் பிள்ளை, அதுதான்" என்றேன். அவள் அழத் தொடங்கினாள்.

முன்சீட்டில் இருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள்: "வெளியாலை அடைச்சுப்போட்டு இப்ப உள்ளுக்காலை நனைக்கிறியள்."

தேவாலய வாசலில் குடையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவள் இறங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைப் பார்த்தேன். சேலை வெள்ளை. சீட்டைத் தடவினேன். காய்ந்திருந்தது.

அதன் பிறகு கையைக் கொடுத்து அவளை உள்ளே கூட்டிப்போனேன். படங்களில் மணமகனைவிட நான்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். தகப்பன் ஸ்தானத்தில் நின்று எவ்வளவு பூரிப்பு என்று சனம் கண் கலங்கியது. நான் மறுக்கவில்லை.