எவ்வளவு குனிய வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஜப்பான் வாள்சண்டை நாடகம் தொடங்கியதும் வடிவம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் உட்காருவாள். பிடித்துப்போய் அல்ல. உறையிலிருந்து வாள் உருவும் சத்தம் கேட்டாலே கதவுநிலையைப் பிடித்துக்கொள்வாள். ஆனாலும் கண்ணை எடுக்கமாட்டாள்.

எண்பத்து மூன்றாம் வருடம். கடைசி மகள் சீதாவுக்கு ஈப்போவில் ஜப்பான்காரர்கள் நடத்தும் ரேடியோ தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. கம்பெனி வேன் அவர்களின் மலையூரான ரிங்லெட்டுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்றார்கள். தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் எல்லாமே சந்தோஷப்பட்டன. வடிவம்மாளுக்கு மட்டும் அந்த 'ஏற்றிக்கொண்டு போகும்' நெஞ்சிலேயே நின்றது.

உலகப்போரில் ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் அவள் அப்பா தங்கையா, தலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு காவல் சாவடியைத் தாண்டியபோது ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கவில்லை. குனிந்தால் மூட்டை விழுந்துவிடும். அங்கேயே அறைந்தார்கள். சில நாளில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க லாரி வந்தது. அப்பாவையும் ஏற்றினார்கள். அவர் திரும்பவில்லை. குனியாததற்கும் லாரிக்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. உண்டு என்று ஒன்பது வயதில் முடிவு கட்டியவள், பிறகு அதை மாற்றிக்கொள்ளவே இல்லை.

"பாருடி, பெரியவன் வந்தா எவ்ளோ குனியிறானுங்க. நெத்தி தரையில படுது," என்று சீதாவுக்கு டிவியைக் காட்டினாள்.

"அம்மா, இது அந்தக் காலத்து ராஜா கதைலா. ஃபேக்டரில மெஷின்தான் இருக்கும், கத்தி இருக்காது."

"இருக்காதுன்னு நீ பாத்தியா? கொழுந்துக் கூடையை மாட்டிக்கிட்டுக் குனி. சுமையோட குனியத் தெரியணும்."

"அங்க என்னா, கொழுந்தா கிள்ளப் போறேன்?"

"வேலைக்கு ஆள் கேட்டானா, கூத்துக்குக் கேட்டானா?" என்று சிரித்தான் அவள் கணவன் காளியண்ணன். சீதாவும் சிரித்தாள். ஆனால் கூடையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அம்மா சிரிக்காததை அவள் பார்த்திருந்தாள்.

புறப்படும் நாள் காலையில் ரிங்லெட் பனியில் மூழ்கிக் கிடந்தது. வேனிலிருந்து கண்ணாடி போட்ட ஜப்பான்காரர் ஒருவர் இறங்கினார். மூவரையும் பார்த்து இடுப்பை மடித்து நன்றாகக் குனிந்தார்.

காளியண்ணன் பூரித்துப்போனான். வடிவம்மாள் அவர் கையையே பார்த்தாள். போன வாரம் நாடகத்தில் ஒருவன் இப்படித்தான் வணங்கினான். நிமிர்ந்ததும் கை இடுப்புக்குப் போனது. எதிரில் நின்றவன் விழுந்தான்.

இவர் கையும் இடுப்புக்குப் போனது. வடிவம்மாள் சட்டென்று மகளுக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தார்.

"தள்ளும்மா," என்று கிசுகிசுத்துவிட்டு சீதா குனிந்தாள். தோளில் கிடந்த பை சரிந்து சேற்றில் விழுந்தது. வடிவம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அறை விழும் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அந்த மனிதர் பையைத் தூக்கிச் சேற்றைத் தட்டி வேனில் வைத்துக்கொண்டிருந்தார்.

"போன உடனே தோட்டத்து ஆபீசுக்குப் போன் போடு. கணக்கு எழுதுற கிராணிகிட்ட சொல்லிட்டேன்," என்றாள்.

வேன் தாப்பா பக்கமாக மலையிறங்கத் தொடங்கியது. வடிவம்மாள் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, நாடகத்தில் பார்த்த மாதிரியே, குனிந்து நின்றாள்.

"வண்டி போயிருச்சு வடிவு, நிமிரு. ஆளுங்க பாக்குறாங்க," என்றான் காளியண்ணன்.

"வளைவு தாண்டட்டும்," என்றாள்.