இரண்டு பேர் பேசிய பேச்சு

சலவை நிலையத்தில் அவளுக்குக் கையாட்டி என்று பெயர். பிறவியிலேயே காது கேட்காது. தங்கைக்கும் ஏறக்குறைய அப்படித்தான். அம்மா வேலைக்குப் போகும்போது இருவரையும் மாடி அறையில் பூட்டிவிட்டுப் போவாள். அந்த அறைக்குள் ஒரு பேச்சு முளைத்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

மூக்கைச் சுருக்கினால் அம்மா. தோளுக்குப் பின்னால் தட்டினால் நடந்து முடிந்தது என்று பொருள். யார் என்பது முதலில், எதை என்பது அடுத்து, செய்தது கடைசியில். வரிசை பிசகினால் தங்கை திருத்துவாள். பொய், கிண்டல், கோள், கனவு எல்லாவற்றையும் விரல்களாலேயே சொல்லிக்கொண்டார்கள். தனியாக யோசிக்கும்போதும் மூத்தவளின் விரல்கள் மடியில் அசையும்.

அம்மாவுக்கு மானம் போனது. "குரங்காட்டம் கையை ஆட்டாதீங்கடி! ஊரே சிரிக்குது!" என்று கத்துவாள். அவர்களுக்குக் கேட்கவா போகிறது? அடி விழும், அது புரியும்.

சின்னவளுக்குக் கொஞ்சம் சத்தம் கேட்கும் என்று மருத்துவர் சொன்னதும், அவளைத் தொலைவில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். உதட்டைப் பார்த்து வாயால் பேசப் பழக்கும் பள்ளி. கை அசைந்தால் பிரம்பு. "லீவுக்குக்கூட கூட்டிட்டுப் போகாதீங்க, பழசு ஒட்டிக்கும்" என்றார் ஆசிரியை. அம்மா தலையாட்டினாள்.

மூத்தவள் சலவை நிலையத்தில் இஸ்திரி போடப் போனாள். தங்கையிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்தாள்.

அம்மா செத்தபோது தங்கை புருஷனோடு வந்தாள். மூத்தவள் அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்: அம்மா விழுந்ததை, தான் ஆள் தேடித் தெருவில் ஓடியதை, தன் கையைப் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் விளங்காததை.

தங்கை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"என்னவாம் உங்கக்காவுக்கு?" என்று சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டான் புருஷன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள், ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்து இழுத்து. "அக்கா பாவம். அவளுக்குப் பேச்சே வராது."

மறந்தேபோனாளா, பிரம்பு நினைவுக்கு வந்ததா, புருஷன் முன்னால் கூசினாளா, யாருக்குத் தெரியும்? அந்த முகத்தில் இருந்த இரக்கம் மட்டும் மூத்தவளுக்குப் புரிந்தது. தெருவில் போகிறவர்கள் காட்டுகிற இரக்கம்.

அதன்பின் அவள் இஸ்திரிப் பெட்டியை இரு கைகளாலும் பிடித்தே தேய்த்தாள். ஒரு கை சும்மா இருந்தால் பேசத் தொடங்கிவிடும்.

சென்ற வாரம் ஒரு விரிப்பின் மேல் பெட்டியை வைத்தபடி நின்றுவிட்டாள். பயத்துக்கு அவர்கள் வைத்திருந்த அசைவு எது? வரவில்லை. அது வராததால், நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்தது என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. துணி கருகும் வாடை வந்த பிறகுதான் பெட்டியை எடுத்தாள்.