செங்கமலத்தின் ரிசீவர்

மாடி அறையிலிருந்து மகனின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கீழே செங்கமலத்தின் தாய்மனம் பதறியது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த எழிலரசன் தூங்காமல், சுங்குவார்சத்திரத்து சுகப்பிரியாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை வேலையில் தூங்கி விழுந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சூப்பர்வைசர் எச்சரித்திருந்தார்.

கணவனை இழந்து, நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, பென்னலூரில் மகனே உலகமென்று வாழ்ந்த அவளுக்கு ஒரே ஆயுதம் கூடத்து டெலிபோன். ரிசீவரைத் தூக்கினால் காதில் 'ஸ்ஸ்' என்று இரையும். மாடியில் நெட் அறுந்துபோகும். மகன் சலித்துப்போய்ப் படுத்துவிடுவான்.

நெட் அடிக்கடி அறுந்துபோகிறதென்று மகன் கொடுத்த புகாரின்பேரில் இன்று லைன்மேன் கோதண்டம் வந்து, டெலிபோன் ஒயரில் ஒரு சின்ன டப்பாவை மாட்டிவிட்டார்.

"இது இன்னாத்துக்குண்ணே?"

"உன் பேச்சும் நெட்டும் ஒரே கம்பிலதாம்மா போவுது. பேச்சு கீழ் சுருதில. நெட்டை நூத்துக்கணக்கான மேல் சுருதில ஏத்தி அனுப்புறாங்க. ரெண்டும் கலக்காம இது பிரிச்சி வுட்டுரும்."

செங்கமலம் ரிசீவரைத் தூக்கினாள். இரைச்சல் இல்லை. மாடியில் சிரிப்பும் நிற்கவில்லை. அவள் கண்கள் குளமாயின.

"ஏம்மா அழுவுற? நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான் கீது. இத்த கழட்டணும்னா ஸ்க்ரூ டிரைவர் வேணுமா?"

"இழுத்தாலே வந்துரும். எதுக்குக் கழட்டப் போற?"

"தூசி தட்டத்தாண்ணே."

அவருக்கு மோர் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.