வேம்புவுக்கு ஒரு நுனி இலை

வேம்பு போய்ச் சேர்ந்துவிட்டார். அவரால் வாழ்ந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சாரம் பகுதியில் எங்கள் எதிர்வீடு அவருடையது. பஞ்சாலையில் தறி ஓட்டியவர். அவருக்கு உரக்கப் பேசத் தெரியாது. யாராவது வந்து கேட்டால் இல்லை என்று சொல்லவும் தெரியாது. அந்தக் குணம்தான் அவர் குடும்பத்தை விழுங்கியது.

ஆலை மூடியபோது அவருக்குத் தவளக்குப்பத்தில் ஒரு சின்ன வாழைத்தோப்பு மிஞ்சியிருந்தது. பக்கத்துத் தறிக்காரரான கலியபெருமாளுக்கு மனைவியும் பிள்ளையும் தவிர ஒன்றுமே மிஞ்சவில்லை.

"நம்ம தோப்புல எலை அறுத்துக்கடா. பெரிய மார்க்கெட்ல போட்டு உக்காரு" என்றார் வேம்பு. சும்மாவே கொடுத்தார், வருஷக்கணக்கில்.

கோணி விரித்துத் தொடங்கிய இலை வியாபாரம் கடையானது. பிறகு அதுவே கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட்டாக வளர்ந்தது. இன்று அதை நடத்துவது மகன் வினோத்குமார். முகூர்த்த நாளில் எந்த மண்டப வாசலிலும் அவன் வேன் நிற்கும். வேம்புவோ சாகும்வரை ஒரு துணிக்கடை வாசலில் வாட்ச்மேனாக நின்றார். தெய்வமே, இதையெல்லாம் நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்!

துக்கம் கேட்க வந்த கலியபெருமாள், வேம்புவின் மனைவி செல்வாம்பாளிடம் தழுதழுத்தார். "காரியத்துக்கு எலை என் பொறுப்பு தங்கச்சி. என் வேம்புவுக்கு நுனி எலை என் கையாலதான் போடணும்."



பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆட்டோவில் இலைக்கட்டு வந்தது. பிரித்தார்கள். அத்தனையும் நடுத்துண்டு. ஒன்றில்கூட நுனி இல்லை. பாதி கிழிசல் வேறு. பந்திக்குத் துண்டு இலை போடலாம். போனவருக்குப் படைக்க நுனியோடு கூடிய தலைவாழை இலைதான் எங்கள் பக்கத்து வழக்கம். வியாபாரிக்குத் தெரியாததா?

காரியத்துக்கு வந்திருந்த கலியபெருமாள் மகனுக்குப் போன் போட்டார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"நுனி எலை எங்கடா?"

"மண்டபத்துக்குப் போயிடுச்சுப்பா. பொண்ணு வூட்டுக்காரங்க பெரிய இடம். சாவு வூட்டுக்கு எந்த எலையா இருந்தா இன்னா? செத்தவரு எழுந்து வந்து பாக்கவா போறாரு?"

பந்தல் முழுக்கக் கேட்டது.

செல்வாம்பாள் வெளியே வந்தாள். அழுது வீங்கிய கண்ணில் இப்போது ஈரமே இல்லை.

"புள்ளைய நல்லா வளர்த்திருக்க அண்ணே."

"சின்னப் பையன் தங்கச்சி, தெரியாம..."

"தலை நரைச்சிடுச்சு, சின்னப் பையனா? எலை அறுத்த மரத்துல தாரு பெருக்காதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் அறுத்த. எங்க மரமெல்லாம் சுண்டுவெரல் கணக்கா காய் தள்ளுச்சு. தாரு வாங்க வந்தவன் சிரிச்சிட்டுப் போனான். போதும்னு சொல்லுய்யான்னு இந்த மனுசன்கிட்ட சண்ட போட்டேன். 'அவன் கால ஊனட்டும் புள்ள'ன்னாரு. நீ நல்லா ஊனிக்கின. எங்க தோப்பு வெல போயி மனையாப் போச்சு."

கலியபெருமாள் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தார். மண்டபத்துச் சமையல்கட்டில் மகன் கத்தக் கத்த, அடுக்கிலிருந்து ஒரு நுனி இலையை உருவினாராம்.

இங்கே பங்காளிப் பெரியவர் நேரமாகிறது என்றார். "ஆவட்டும்" என்றாள் செல்வாம்பாள். துண்டு இலையிலேயே படைத்தார்கள். காக்கைக்கும் வைத்தாயிற்று.

கலியபெருமாள் திரும்பி வந்தார். இரண்டு கைகளிலும் ஏந்திய இலை வாடாமல் பளபளவென்றிருந்தது.

"படைச்சாச்சு அண்ணே. துண்டு எலையிலதான் தின்னுட்டுப் போனாரு."



"அதைக் கீழ விரிச்சுப் போடு. உக்காரு."

"வேணாம் தங்கச்சி. என்னால முடியாது."

"உக்காருன்றேன். எங்க நுனி எலை எப்பவும் உனக்குத்தான வந்துச்சு?"

யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. செல்வாம்பாளே பரிமாறினாள். சோறு, சாம்பார், வடை, பாயசம், எதிலும் குறை வைக்கவில்லை. கலியபெருமாளின் கண்ணீர் சோற்றில் சொட்டியது.

"அழுவாத. உப்பு கரிச்சிடப் போவுது. சாப்புடு."

சாப்பிட்டார். கடைசிப் பருக்கை வரை அவள் நகரவில்லை. எழுந்து, இலையை எடுக்கக் குனிந்தார்.

"வை அண்ணே. உனக்குக் குடுத்துட்டுக் குனிஞ்சு நிக்கிறது எங்க வூட்டுப் பழக்கம்."

செல்வாம்பாள் குனிந்து அந்த இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் தெருவுக்கே கேட்டது.