ஷார்ட்கட் அண்ணன் காட்டிய வழி

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நிற்கத் தெரியாது. மருந்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறார். சிவப்பு விளக்கைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். எந்தச் சந்தில் நுழைந்தால் எந்த சிக்னலுக்கு டிமிக்கி கொடுக்கலாம் என்பது அத்துப்படி. அதனால் ஷார்ட்கட் என்று பெயர் வந்தது. வைத்தவன் நான்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி ஏற்றுக்கொண்டார்.

அண்ணி அதற்கு நேர் எதிர். தையல் மெஷினில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். முன்னறையில் மெஷின், கதவு விரியத் திறந்திருக்கும். பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பார். அந்தச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைப்பது எதிர்வீட்டு அக்கா. அக்கா தன் வாசலில் ஊசியோடு, அண்ணி முன்னறையில் மெஷினோடு, நடுவில் தெரு. பேச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். முடிந்த சட்டையை அக்கா கேட்டில் தொங்கவிட்டால் அண்ணி போய் எடுத்து வருவார். எடுக்கப் போனவர் எப்போது திரும்புவார் என்பது பேச்சைப் பொறுத்தது. உறவையெல்லாம் விட்டுவிட்டு இந்தத் தெருவுக்கு வாழ வந்த அண்ணிக்குக் கூடப்பிறந்தவள் என்றால் அந்த அக்காதான்.

இதில்தான் அண்ணன் மண்ணை அள்ளிப் போட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. மெயின் ரோட்டில் பாலம் வேலை தொடங்கி வண்டிகளெல்லாம் ஊர்ந்த சமயம் அது. குடோனில் மற்ற டிரைவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். இவருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"ஏம்பா அங்க கெடந்து சாகுறீங்க? எங்க தெருவுல பூந்து வெளிய வாங்க. ரெண்டு சிக்னல் மிச்சம்!"

அடுத்தவன் தெருவைக் காட்டியிருந்தாலாவது கெட்டிக்காரத்தனம் என்று சொல்லலாம். இவர் சொந்த வீட்டு வாசலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, உபகாரம் செய்த பெருமையோடு வீட்டுக்கு வந்தார்.

டிரைவர்கள் நன்றி கெட்டவர்கள் அல்ல. அண்ணன் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ஹாரன் அடித்து மரியாதை செய்தார்கள். அண்ணன் வீட்டில் இல்லாவிட்டாலும் மரியாதையில் குறை வைக்கவில்லை. இருக்கும் நாட்களில் இவரும் ஜன்னல் வழியாகக் கையாட்டுவார். அப்புறம் வேன்களுக்குப் பின்னால் கார்கள் வந்தன, கார்களுக்குப் பின்னால் பைக்குகள். போனில் வழி சொல்லும் பெண் குரலுக்கும் எங்கள் தெரு தெரிந்துபோயிற்று. பாலம் வேலை முடிந்தது. வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை.

நாங்கள் ஜன்னல்களைச் சாத்தினோம். வாசலில் நாற்காலி போடுவதை விட்டோம். எதிர்வரிசையில் ஒரு வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்து, காலி செய்துகொண்டும் போய்விட்டது. அவர்கள் யார், என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளைத் துணியில் புகை படிகிறது என்று அண்ணியின் கதவும் மூடியது. மூடிய கதவைத் தாண்டியும் ஹாரன் உள்ளே வந்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தூக்கிவாரிப் போடும், தையல் கோணும். தைத்த சட்டை மூட்டையை அண்ணனே காலையில் போகிற போக்கில் எதிர்வீட்டில் கொடுத்துவிடுவார். வேலை ஓடியது. பேச்சு நின்றுவிட்டது.

"உங்களுக்கு அவங்க குடுக்கற மரியாதை எனக்குத் தலைவலியா இருக்கு," என்றார் அண்ணி.

"சொல்லிட்டேன். இனிமே அடிக்க மாட்டாங்க."

சொன்னார்தான். அவர்களும் கேட்டார்கள், வாசலில் மரியாதை ஹாரன் நின்றது. வண்டிகள் நிற்கவில்லை. இந்தப் பக்கமே வராதீர்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். "நாங்க வராட்டி மட்டும் ஆச்சா? போனப் பாத்து ஊரே வருதேண்ணே," என்று அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அவசரமாகக் கேட்டார்கள் என்று அக்காவே மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். பாதியில் காதருகே ஒரு கார் அலறியது. அக்கா மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் போய்ப் பொறுக்குவதற்குள் வெள்ளைச் சட்டைகள்மேல் சக்கரங்கள் ஏறிவிட்டன. அக்கா எங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்தபோது, அண்ணனென்றும் பார்க்காமல் ஷார்ட்கட்டை ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு.

"மக வீட்டுக்கே போயிடறேன்," என்றார் அக்கா. "எத்தன நாளைக்கு உசுரக் கையில புடிச்சிட்டு இருக்கறது?"

அதற்கப்புறம் அண்ணிக்குத் தூக்கமில்லை, அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் எதிர்வீட்டுக்குப் போய்க் கெஞ்சினார்.

"போகாதீங்கக்கா. அவ ஒடஞ்சு போயிடுவா. நீங்க ரோட்டத் தாண்டணும்னா நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்."

"நீ வீட்ல இருக்கற நேரம் எது தம்பி?"



அக்கா வீட்டுச் சாமான்களை ஏற்ற லாரி ஒரு பிற்பகலில் வந்தது. எங்கள் தெருவில் லாரி நின்றால் சைக்கிள் நுழையவே இடம் தேட வேண்டும். வந்த வண்டிகள் கத்திப் பார்த்துவிட்டுப் பாதி திரும்பின, மீதி முனையில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தன. கொஞ்ச நேரத்தில் தெரு அமைதியாகிவிட்டது. யார் வீட்டிலோ பாத்திரம் கழுவுவதுகூடக் கேட்டது. அண்ணி கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போனார். ஏற்ற வேண்டிய இரும்புப் பெட்டிமேல் இரண்டு பேரும் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள். அக்கா சிரித்த சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரை வந்தது.

"அந்தப் பெட்டிய ஏத்தணும்மா," என்றார் சுமை தூக்குகிறவர்.

"இருப்பா, என்ன அவசரம்?" என்று குறுக்கே வந்தார் ஷார்ட்கட் அண்ணன். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். பெட்டி ஏறியதும் கயிறு சரியில்லை என்றார். அவிழ்த்துக் கட்டச் சொன்னார். கட்டியதும் முடிச்சு லூசு என்றார், பீரோ ஆடுகிறது என்றார்.

"நீங்களும் டிரைவர்தானேண்ணே," என்றார் லாரிக்காரர் மெதுவாக. "விடுங்க, போகணும்."

லாரி போயிற்று. பூட்டிய கேட் அருகே நின்று அண்ணி கையாட்டிக்கொண்டே இருந்தார். கை இறங்குவதற்குள், முனையில் காத்துக் கிடந்ததெல்லாம் மொத்தமாக உள்ளே பாய்ந்தது. அண்ணன் இந்தப் பக்கம், அண்ணி அந்தப் பக்கம். அண்ணன் காலை வைப்பார், இழுத்துக்கொள்வார், மறுபடி வைப்பார். "அங்கயே நில்லு, வந்துடாத!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

ஒரு வழியாக இடைவெளி கிடைத்தது. தெரு இரண்டு பக்கமும் காலி.

"வா, வா, இப்ப வா!" இரண்டு கைகளாலும் கூப்பிட்டார்.

அண்ணி அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார்.